இந்தக் குதிரை இன்று ஓடலாமா? பந்தயத் திடலில் கால்நடை மருத்துவரின் வேலை

குதிரைப் பந்தயம் நடக்கும் இடத்தில் இரண்டு வகைக் கால்நடை மருத்துவர்களைப் பார்க்கலாம். ஒருவரை அமர்த்துவது குதிரையின் உரிமையாளரோ பயிற்சியாளரோ. அவர் லாயத்துக்கு வந்து சிகிச்சை தருவார். கட்டணத்தையும் அவர்களிடமே வாங்கிக்கொள்வார். இன்னொருவரைப் பந்தயத்தை நடத்தும் அமைப்போ அரசு ஆணையமோ நியமிக்கிறது. எந்தக் குதிரை ஜெயித்தாலும் தோற்றாலும் அவருக்கு ஒன்றுதான். "இந்தக் குதிரை இன்று ஓடலாமா, கூடாதா" என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவர் அங்கே நிற்கிறார். இந்தக் கட்டுரை அந்த இரண்டாமவரைப் பற்றியது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்த ஏற்பாடு ஓரளவு தெரிந்ததுதான். ஜல்லிக்கட்டில் காளையை வாடிவாசலுக்கு அனுப்பும் முன் கால்நடை பராமரிப்புத் துறை மருத்துவர்கள் சோதிக்கிறார்கள். சாராயம் புகட்டியிருக்கிறார்களா, கண்ணில் எரிச்சல் தரும் பொருள் எதையாவது தடவியிருக்கிறார்களா, உடம்பில் காயம் உண்டா என்று பார்க்கிறார்கள். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், காளையை வளர்த்தவர் எத்தனை ஆசையோடு வந்திருந்தாலும் திரும்பித்தான் போக வேண்டும். குதிரைப் பந்தயத்து மருத்துவருக்கும் இருப்பது அதே அதிகாரம். ஆனால் அவருடைய கண் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கும்: குதிரையின் கால்.

காலில் என்ன இருக்கிறது?

ஒரு பந்தயக் குதிரையின் எடை ஏறக்குறைய 450 முதல் 500 கிலோ. முழு வேகத்தில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அந்தப் பாய்ச்சலில், ஒவ்வொரு எட்டிலும், உடலின் மொத்தப் பாரமும் ஒற்றை முன்னங்காலில் இறங்கும் ஒரு கணம் உண்டு. அப்போது அந்தக் கால் தாங்கும் விசை உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. முழங்காலுக்குக் கீழே அந்தக் காலில் தசை கிடையாது. எலும்பு, தசைநாண்கள், மேலே தோல், அவ்வளவுதான்.

ஓடும்போது குதிரையின் கால் முறிந்தால், ஏதோ பள்ளத்தில் கால் வைத்துவிட்டது, எதிர்பாராத விபத்து என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பந்தயத் திடல்களில் இறக்கும் குதிரைகளைப் பிரேதப் பரிசோதனை செய்யும் திட்டம் 1990-இல் தொடங்கியது. முறிந்த எலும்புகளை எடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் முறிந்த இடத்திலேயே பழைய சேதம் தெரிந்தது. மயிரிழை அளவு விரிசல், அதைச் சரிசெய்ய உடல் முயன்ற தடம், மறுபடியும் விரிசல். வாரக்கணக்கில் உள்ளுக்குள் நடந்துகொண்டிருந்த ஒன்று பந்தய நாளில் முடிவுக்கு வந்திருக்கிறது. பந்தய மருத்துவரின் பணி முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது. வாரக்கணக்கில் நடப்பது என்றால், அதைக் கண்டுபிடிக்க நேரமும் இருக்கிறது.

எனவே வேலை காலையிலேயே தொடங்கிவிடும். மருத்துவர் லாயத்துக்குப் போவார். முதலில் கழுத்தில் பதித்துள்ள மைக்ரோசிப்பைப் படித்து, பெயர் கொடுத்த குதிரைதானா என்று உறுதிசெய்வார். பிறகு நான்கு கால்களையும் மேலிருந்து கீழாகக் கையால் தடவிப் பார்ப்பார். எங்காவது சூடு தெரிகிறதா, வீக்கம் உண்டா, மூட்டை மடக்கும்போது குதிரை காலை இழுத்துக்கொள்கிறதா என்று கவனிப்பார். இந்தக் குதிரை கடைசியாக எப்போது ஓடியது, மூட்டில் ஊசி போட்டிருக்கிறார்களா, முன்பு எப்போதாவது ஓட வேண்டாம் என்று நிறுத்தப்பட்டதா என்ற பதிவுகளும் அவர் கையில் இருக்கும்.

அடுத்துதான் முக்கியமான சோதனை. குதிரையைக் கெட்டியான தரையில், நேர்கோட்டில், நடுத்தர ஓட்டமாக ஓட்டிக் காட்டச் சொல்வார். மெதுநடையிலும் வேண்டாம், பாய்ச்சலிலும் வேண்டாம். இந்த நடுத்தர ஓட்டத்தில் மட்டும்தான் வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும் ஒன்றாக ஊன்றும். அடுத்து இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும். இரண்டு பக்கமும் ஒரே தாளத்தில் போவதால், ஒரு பக்கம் சற்றே பிசகினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தலை தாழும். பின்னங்காலில் வலி என்றால் இடுப்பின் இரு பக்கமும் சமமாக ஏறி இறங்காது. கயிற்றை இறுக்கிப் பிடித்துத் தலை அசையாமல் ஓட்டிக் காட்டினால் மருத்துவர் விடமாட்டார். கயிற்றைத் தளர்த்தி இன்னொரு முறை ஓட்டு என்பார்.

2023 மே 6, அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி நாள். ஃபோர்ட்டே என்ற குதிரைதான் ஜெயிக்கும் என்று பலரும் நம்பியிருந்தார்கள். அன்று காலை மாநில ஆணையத்தின் மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார். வலது முன்னங்கால் குளம்பில் அடிபட்ட கன்றல் இருந்தது. கோடிக்கணக்கான பணம் புரளும் பந்தயம், ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் வருவது, மூன்று வயதுக் குதிரைகளுக்கானது என்பதால் அந்தக் குதிரைக்கு மறு வாய்ப்பும் இல்லை. ஆனாலும் நிறுத்தினார்கள். அந்தத் திடலில் டெர்பி நாள் முடிவதற்குள் சில நாட்களிலேயே ஏழு குதிரைகள் இறந்திருந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த முடிவின் கனம் புரியும். ஃபோர்ட்டே குணமாகி, அடுத்த மாதமே பெல்மாண்ட் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது.

இந்தச் சோதனையை ஏமாற்ற ஒரு வழி உண்டு: வலி நிவாரணி. மருந்து கொடுத்தால் நொண்டல் மறைந்துவிடும், விரிசல் மறையாது. வலி தெரியாத குதிரை அந்தக் காலை ஒதுக்காமல் முழு பலத்தோடு ஊன்றும். பந்தயத்துக்கு முன் இத்தனை நாட்களுக்கு இன்ன மருந்து கூடாது என்று விதிகள் இருப்பது இதனால்தான். 1968 கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த டான்சர்ஸ் இமேஜ் என்ற குதிரையின் சிறுநீரில் ஃபினைல்பியூட்டசோன் என்ற வலி நிவாரணி இருந்ததால் வெற்றி பறிக்கப்பட்டது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தும் வெற்றி திரும்பக் கிடைக்கவில்லை.

ஓடும் நேரத்தில்

தொடங்கும் இடத்தில் ஒரு மருத்துவர் நிற்பார். கூண்டுக்குள் நுழையும்போது மிரண்டு உதைத்துக்கொண்ட குதிரையை வெளியே கொண்டுவந்து மறுபடி ஓட்டிப் பார்ப்பார். கடைசி நிமிடத்திலும் விலக்கிவைக்க அவருக்கு உரிமை உண்டு. பந்தயம் தொடங்கியதும் குதிரைகளுக்குப் பின்னால், டிராக்குக்கு வெளியே, ஒரு கார் ஓடிவருவதைத் தொலைக்காட்சியில் கவனித்திருப்பீர்கள். அதில் மருத்துவர் இருப்பார். குதிரை விழுந்தால் சில நொடிகளில் பக்கத்தில் போய்விடலாம்.

போய் என்ன செய்வார்? முதலில் அமைதிப்படுத்தும் ஊசி. முறிந்த காலோடு பதறி ஓட முயலும் குதிரை, தன் எலும்பைத் தானே தோலைக் கிழித்து வெளியே தள்ளிவிடும். அடுத்து, காலை அசையாமல் பிடிக்கும் உலோகக் கட்டு. பிறகு தாழ்வான தளமுள்ள ஆம்புலன்ஸ் வண்டி. சுற்றிலும் பச்சைத் திரை கட்டுவார்கள். திரை கட்டினாலே குதிரையைக் கொல்லப்போகிறார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. கூட்டத்தின் பார்வையிலிருந்து மறைத்து, குதிரையும் மருத்துவரும் பதற்றமில்லாமல் இருக்கவே அது. திரைக்குள் போன குதிரை எழுந்து நடந்து வெளியே வருவதும் உண்டு.

ஆனாலும் சில சமயம் கருணைக்கொலைதான் மிஞ்சுகிறது. மனிதனின் கால் முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைக்கிறோமே, குதிரைக்கு ஏன் முடியாது என்று குழந்தைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. குதிரையால் மாதக்கணக்கில் படுத்திருக்க முடியாது. அதன் நுரையீரலும் குடலும் தசையும் அதைத் தாங்கா. நின்றாக வேண்டும். ஒரு காலை ஊன்ற முடியாதபோது அதன் பாரம் எதிர்க்காலுக்குப் போகும். அந்தக் காலில், குளம்பின் வெளிக்கூட்டையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைத்திருக்கும் மெல்லிய திசு நைந்து பிரியத் தொடங்கும். நல்ல காலும் போய்விடும்.

பார்பரோவின் கதை இதுதான். 2006 கென்டக்கி டெர்பியை வென்ற அந்தக் குதிரைக்கு, இரண்டு வாரம் கழித்துப் பிரீக்னஸ் பந்தயத்தின் தொடக்கத்திலேயே வலது பின்னங்கால் முறிந்தது. ஓர் எலும்பு இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகியிருந்தது. பென்சில்வேனியாவில் உள்ள நியூ போல்டன் மருத்துவமனையில் உலோகத் தகடும் 27 திருகுகளும் வைத்துச் சேர்த்தார்கள். முறிந்த எலும்பு பெரும்பாலும் கூடிவந்தது. ஆனால் ஜூலையில் இடது பின்னங்கால் குளம்பு பிரியத் தொடங்கியது. எட்டு மாதப் போராட்டத்துக்குப் பிறகு, 2007 ஜனவரி 29 அன்று அதைக் கருணைக்கொலை செய்தார்கள். உலகின் சிறந்த அறுவை மருத்துவர்களும், செலவைப் பற்றிக் கவலைப்படாத உரிமையாளர்களும் இருந்தும் இதுதான் நடந்தது. திடலில் நிற்கும் மருத்துவர் சில நிமிடங்களில் முடிவெடுக்கும்போது அவர் மனதில் ஓடும் கணக்கு இதுவே: இந்தக் குதிரைக்கு வலியில்லாத ஒரு வாழ்க்கை மிச்சம் இருக்கிறதா? எனக்குத் தெரிந்து மருத்துவத் தொழிலில் இதைவிடக் கடினமான முடிவுகள் அதிகம் இல்லை.

மூக்கிலிருந்து இரத்தம் வருவதையும் பந்தயம் முடிந்ததும் பார்ப்பார்கள். கடும் ஓட்டத்தில் நுரையீரலின் நுண் இரத்தக் குழாய்கள் வெடிப்பதால் அது வருகிறது. ஆஸ்திரேலியாவில் இரண்டு நாசியிலும் இரத்தம் வந்தால் மூன்று மாதம் ஓட முடியாது. இரண்டாம் முறை வந்தால் வாழ்நாள் முழுவதும் தடை.

160 கிலோமீட்டர், நடுவே மருத்துவர்

இரண்டு நிமிடத்தில் முடியும் பந்தயத்தில் மருத்துவரால் நடுவில் குறுக்கிட முடியாது. நெடுந்தூரக் குதிரையோட்டத்தில் முடியும். கால்நடை மருத்துவர் ஆட்டத்தின் ஓர் அங்கமாகவே இருக்கும் போட்டி இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இந்தப் பணியின் உள்ளர்த்தம் இங்குதான் தெளிவாக விளங்கும்.

1955-இல் கலிபோர்னியாவில் வெண்டல் ரோபி என்பவரும் சில தோழர்களும் டாஹோ ஏரிப் பக்கத்திலிருந்து சியரா நெவாடா மலையைக் கடந்து ஆபர்ன் ஊர் வரை 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், ஒரே நாளில் குதிரையில் போனார்கள். அது டெவிஸ் கோப்பை என்ற பெயரில் ஆண்டுதோறும் நடக்கிறது. 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். புறப்படுபவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் முடிக்கிறார்கள். மீதிப்பேரில் பலரை வழியில் நிறுத்துவது மருத்துவர்கள்தான்.

இத்தகைய போட்டிகளில் பாதை பல கட்டங்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு மருத்துவ நிறுத்தம். சர்வதேசப் போட்டிகளில் பொதுவான வரம்பு இது: குதிரையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 64 அல்லது அதற்குக் கீழே, வந்துசேர்ந்த குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் இறங்கியாக வேண்டும். ஓய்வில் இருக்கும் குதிரைக்குத் துடிப்பு 28 முதல் 44. முழு வேகத்தில் 200-ஐத் தாண்டும். உடல்நலமுள்ள, அளவாக ஓட்டப்பட்ட குதிரைக்குச் சில நிமிடங்களில் 64-க்கு வந்துவிடும். வலியிலோ, நீரிழப்பிலோ, சூட்டிலோ தவிக்கும் குதிரைக்கு இறங்காது. இறங்காவிட்டால் போட்டியிலிருந்து வெளியேற்றம்.

இதில் ஓர் அழகான சூட்சுமம் இருக்கிறது. துடிப்பு இறங்கி மருத்துவரிடம் காட்டும் வரை போட்டிக் கடிகாரம் நிற்காது. அதன் பிறகுதான் கட்டாய ஓய்வு நேரம் தொடங்கும். ஆக, கடைசி ஒரு கிலோமீட்டரை அடித்து விரட்டி முதலில் வருபவருக்கு லாபமில்லை. அவர் குதிரை பத்து நிமிடம் மூச்சு வாங்கும். பின்னால் இறங்கி நடந்து வந்தவர் இரண்டே நிமிடத்தில் சோதனையை முடித்து முந்திவிடுவார். குதிரையின் நலத்தைக் காப்பதையே ஜெயிக்கும் வழியாக ஆக்கிய விதி இது. விளையாட்டு விதிகளில் நான் மிகவும் மதிக்கும் விதி.

துடிப்புக்கு அப்பால் மருத்துவர் உடல் முழுவதையும் பார்க்கிறார். உதட்டைத் தூக்கி ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார். ஈறை விரலால் அழுத்தினால் வெளுக்கும். விரலை எடுத்ததும் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். தோளருகே தோலைக் கிள்ளி விடுவார். மடிப்பு உடனே மறையாவிட்டால் உடலில் நீர் குறைந்திருக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றின் நான்கு பகுதிகளிலும் வைத்துக் குடல் ஓசையைக் கேட்பார். ஓசையே இல்லாத வயிறு ஆபத்தானது. கடின உழைப்பில் இரத்தம் தசைக்கும் தோலுக்கும் போய்விட, குடல் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். பின்தொடைத் தசை கல்லாக இறுகியிருந்தால், சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தால், தசை சிதைந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. துடிப்பை எண்ணிக்கொள்வார்கள். குதிரையைச் சுமார் 80 மீட்டர் ஓட்டிக்கொண்டுவந்து, முதலில் கிளம்பியதிலிருந்து சரியாக ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ணுவார்கள். நலமான குதிரைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். நாலைந்து துடிப்பு கூடினால் மருத்துவருக்குச் சந்தேகம் வந்துவிடும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாத குதிரையின் உள்களைப்பை இந்தச் சின்னக் கணக்கு காட்டிக்கொடுக்கும்.

குதிரையின் வியர்வையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். வெயிலில் கடுமையாக ஓடும்போது மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல்கூட வியர்க்கும். அந்த வியர்வையில் இருக்கும் உப்பு, இரத்தத்தில் இருப்பதைவிடச் செறிவானது. மனிதனுக்கு வியர்த்தால் இரத்தத்தில் உப்பின் செறிவு கூடி, அதனால் தாகம் எடுக்கிறது. குதிரைக்கு நீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் செறிவு கூடாது, தாகமும் எடுக்காது. உடல் வறண்டு கிடக்கும், வாளித் தண்ணீரை முகர்ந்துகூடப் பார்க்காது. தண்ணீர் குடிக்கவில்லை, அப்படியென்றால் அதற்குத் தாகமில்லை என்று ஓட்டுபவர் நினைப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் ஆபத்தான தவறு.

வெப்பம் மிகும்போது போட்டியையே நிறுத்தவும் மருத்துவர்களின் ஆலோசனை காரணமாகிறது. 2018-இல் அமெரிக்காவின் டிரையானில் நடந்த உலகக் குதிரையேற்ற விளையாட்டுகளில் நெடுந்தூர ஓட்டம் வெப்பமும் ஈரப்பதமும் தாங்காமல் பாதியில் கைவிடப்பட்டது. சூடான குதிரையின் மேல் பனித்தண்ணீர் ஊற்றினால் தசை இழுத்துக்கொள்ளும் என்று ஒரு பழைய நம்பிக்கை இருந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்காக நடந்த ஆய்வுகள் அதைத் தகர்த்தன. குளிர்ந்த நீரை உடல் முழுவதும், நிறைய, தொடர்ந்து ஊற்றுவதுதான் சிறந்த முதலுதவி. தமிழ்நாட்டில் குதிரை வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றையாவது நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

சிறுநீரும் சீல் வைத்த குப்பியும்

வென்ற குதிரையையும், சந்தேகத்துக்கு இடமான குதிரைகளையும் ஊக்கமருந்துச் சோதனைக்கு அழைத்துப்போவார்கள். வைக்கோல் பரப்பிய அறையில் பணியாளர் மெல்லச் சீழ்க்கையடித்தபடி, நீண்ட கோலில் கிண்ணத்தை ஏந்தி நிற்பார். பழக்கப்பட்ட குதிரை அந்த ஒலிக்குச் சிறுநீர் கழிக்கும். கழிக்காவிட்டால் இரத்தம் எடுப்பார்கள். மாதிரியை இரண்டாகப் பிரித்து, பயிற்சியாளர் தரப்பு ஆள் பார்க்கச் சீல் வைத்து, எண் மட்டும் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஒன்றில் மருந்து தெரிந்தால், மற்றதைத் திறந்து உறுதிசெய்யக் கேட்கலாம்.

பிடிபடும் பொருள்கள் சில நேரம் நம் சமையலறைப் பொருள்களாகவே இருக்கும். 2008 ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது, நார்வே அணியின் கமிரோ என்ற குதிரையிடம் கேப்சைசின் இருந்தது. மிளகாய்க்குக் காரம் தரும் அதே பொருள். வலி நிவாரணியாகவும் அதைப் பயன்படுத்தலாம். காலில் தடவினால் தோல் எரிந்து கூசும், அப்போது தடைக்கம்பியில் கால் படாமல் குதிரை உயரத் தாண்டும். அணி வெண்கலத்தை இழந்தது. 2014-இல் பிரிட்டன் அரசி எலிசபெத்தின் எஸ்டிமேட் என்ற குதிரையிடம் மார்ஃபின் தென்பட்டது. தீவனத்தில் கசகசாச் செடி கலந்திருந்ததுதான் காரணம். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் அஸ்காட் தங்கக் கோப்பையில் அது பெற்ற இரண்டாமிடம் போய்விட்டது. அரசியின் குதிரைக்கும் விதிவிலக்கு இல்லை.

மருத்துவர் சொன்னது சரியா?

2020 மெல்போர்ன் கோப்பையில், அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்தின் டெர்பியை வென்ற ஆண்டனி வான் டைக் கால் முறிந்து இறந்தது. அதன் பிறகு விக்டோரியா மாநிலப் பந்தய அமைப்பு விதிகளைக் கடுமையாக்கியது. வெளிநாட்டுக் குதிரைகள் கால்களை சி.டி. ஸ்கேன் எடுத்துக் காட்டிய பிறகே ஓடலாம். கை தடவித் தெரியாத விரிசலும் ஸ்கேனில் தெரியும்.

2024-இல் ஆண்டனி வான் டைக்கின் பயிற்சியாளரான எய்டன் ஓபிரையன், ஜான் ப்ரூகல் என்ற குதிரையை அதே மெல்போர்ன் கோப்பைக்குக் கொண்டுவந்தார். அதுவரை தோற்றறியாத குதிரை. ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் குழு, காயம்படும் அபாயம் கூடுதலாக இருக்கிறது என்று தடுத்துவிட்டது. குதிரை முழு நலத்தோடு இருக்கிறது என்று ஓபிரையன் கோபத்தோடு மறுத்தார். அடுத்த ஆண்டு ஜூனில் அதே குதிரை இங்கிலாந்தின் எப்சமில் கொரோனேஷன் கோப்பையை வென்றது.

மருத்துவர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்பதற்கு அந்த வெற்றியைச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. மருத்துவர்கள் கூடுதல் அபாயம் என்றுதான் சொன்னார்கள். கால் முறியும் என்று ஆரூடம் சொல்லவில்லை. ஓடாத பந்தயத்தில் என்ன நடந்திருக்கும் என்று யாராலும் காட்ட முடியாது. ஏழு மாதம் கழித்து வேறொரு நாளில், வேறொரு நாட்டுத் தரையில், அந்தக் கால் தாங்கியது என்பது நவம்பரில் தாங்கியிருக்கும் என்று நிரூபிக்காது.

ஆனால் ஓபிரையன் பக்கத்துக் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ஸ்கேன் படத்தில் தெரியும் நிழல் ஒவ்வொன்றும் விரிசல் அல்ல. அதைப் படிப்பதில் நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வரும். எந்த அளவு மாற்றம் தெரிந்தால் குதிரை நிறுத்தப்படும் என்பதை அமைப்புகள் முன்கூட்டியே எழுதி வெளியிட வேண்டும். நிறுத்தப்பட்ட குதிரையின் படங்களைப் பயிற்சியாளரின் சொந்த மருத்துவருக்கும் முழுமையாகக் காட்ட வேண்டும். குதிரை உலகின் மறு கோடியிலிருந்து விமானம் ஏறும் முன்பே அந்தப் படங்களை எடுத்து முடித்து, மருத்துவர் குழுவின் பதிலையும் வாங்கிவிட வேண்டும்.